நிக்கிற நேரத்தை எந்தக் கணக்குல எழுதுவீங்க?

நேத்து சுத்துன அந்த வீடியோவை நானும் பார்த்தேன். சென்னைத் துறைமுகத்துக்குள்ள போக, காசிமேட்டுலேர்ந்து திருவொற்றியூர் தாண்டி நிக்கிற கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசை. மேல அந்த அறிவாளியோட தீர்ப்பு: "படிக்காத கூட்டம் ரோட்டை அடைச்சிருச்சு. சீனாக்காரன் பாரு, பதினஞ்சு நாள்ல ரயில்லயே ஐரோப்பா போறான். எல்லாத்தையும் ரயில்ல ஏத்துங்க." அதை ஷேர் பண்ணவங்கள்ல பாதிப் பேர் என் நட்பு வட்டம். ரொம்ப சந்தோஷம்.

ஒரே விஷயம்தான் சொல்ல வர்றேன். கன்டெய்னர் ஓடும்போது லேட் ஆகறது கம்மி. நிக்கும்போதுதான் நாள் போகுது. கப்பலோ ரயிலோ லாரியோ, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்துற இடத்துலதான் எல்லா வம்பும்.

நீங்க கொண்டாடுற அந்த ரயிலையே எடுத்துக்கலாம். சீனாவுல சோங்சிங்லேர்ந்து ஜெர்மனியில டூயிஸ்பர்க் வரைக்கும் சுமார் 11,000 கிலோமீட்டர். ஒரே ரயில் அப்படியே போய் நிக்குதுன்னு நினைச்சீங்களா? சீனத் தண்டவாளத்தோட அகலம் 1,435 மில்லிமீட்டர், கஜகஸ்தான்ல 1,520. வித்தியாசம் நாலு விரக்கடைக்குக் கொஞ்சம் மேல. அந்த நாலு விரக்கடைக்காக எல்லையில கோர்கோஸ்லயோ டோஸ்டிக்லயோ ரெண்டு ரயிலையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, கிரேன் வச்சு பெட்டி பெட்டியா தூக்கி மாத்தணும். பெலாரஸ் தாண்டி போலந்துக்குள்ள நுழையும்போது திரும்பவும் 1,435, திரும்பவும் கிரேன். கிழக்கேர்ந்து வர்ற ரயிலோட நீளத்தை மேற்கே அனுமதிக்க மாட்டாங்க, மிச்சப் பெட்டி அடுத்த ரயிலுக்குக் காத்துக்கிடக்கும். கூட்டம் சேர்ந்தா அங்கயும் ரயில் ரயிலா வரிசையில நிக்கும். வீடியோ எடுத்துத் திட்ட அங்க உங்களை மாதிரி ஆள் இல்ல, அவ்வளவுதான்.

"அப்போ நாம ஏன் அப்படி ஒண்ணு விடலை?" மேப்பைத் திறங்க சார். 2000-ல இந்தியா, ஈரான், ரஷ்யா கையெழுத்துப் போட்ட வடக்கு-தெற்கு வழித்தடத்துலயே மும்பைலேர்ந்து ஈரான் துறைமுகம் பந்தர் அப்பாஸ் வரைக்கும் கப்பல்தான். ஈரானுக்குள்ள ராஷ்ட்-அஸ்தாரா நடுவுல 162 கிலோமீட்டர் தண்டவாளம் விட்டுப்போயிருந்துச்சு, அதைப் போட ரஷ்யாவும் ஈரானும் ஒப்பந்தம் பண்ணதே 2023-லதான். அந்தத் துண்டுல பெட்டி எதுல போகும்? லாரியில. ஆமாங்க, அதே லாரி.

சென்னைலேர்ந்து ரஷ்யாவோட கிழக்குக் கோடித் துறைமுகம் விளாடிவோஸ்டாக் வழியா அனுப்பலாமேன்னு ஒருத்தர் கமென்ட்ல வந்தாரு. சுமார் 5,600 கடல் மைல் கப்பல், அங்கேர்ந்து மாஸ்கோவுக்கு 9,288 கிலோமீட்டர் ரயில். ரஷ்யாவுக்குப் போற சரக்குன்னா நல்ல வழிதான். ஆனா ஆம்பூர் ஷூவை ஹாம்பர்க் அனுப்ப இதுல ஏத்துவீங்களா? நம்ம ஊர் ஈரக்காத்தோட மூடின பெட்டி ஜனவரியில சைபீரியாவுக்குள்ள போனா, உள்ள இருக்கிற ஈரம் கூரையில நீராக் கோத்து அட்டைப்பெட்டி மேல சொட்டும். ஈரம் உறிஞ்சுற பையைப் போதுமான அளவு தொங்கவிடலைன்னா, கதவைத் திறக்கும்போது தோல் பூரா பூஞ்சை.

சோங்சிங்லேர்ந்து ஷாங்காய் துறைமுகம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. லேப்டாப் மாதிரி விலை கூடின சரக்கு, அவனுக்கு ரயில் கட்டுப்படியாகும். நமக்குக் கடல் வாசல்லயே இருக்கு. ஒரு ரயில்ல அம்பது நாற்பதடிப் பெட்டி, இருபதடிக் கணக்குல நூறு. 2021-ல சூயஸ்ல குறுக்க மாட்டுன எவர் கிவன் மாதிரி ஒரே கப்பல் இருபதாயிரம் ஏத்தும். இருநூறு ரயில்! கிரானைட்டை இந்த ரயில்ல அனுப்பினா கூலிக்கே கல்லை விக்கணும்.

உடனே "நீ ரயிலுக்கு எதிரி"ம்பீங்க. இல்லீங்க. தண்டையார்பேட்டையிலேர்ந்து பெங்களூரு வொயிட்ஃபீல்டுக்கு ரேக், அதாவது சரக்கு ரயில் ஓடுது, 45 வேகன்ல 90 இருபதடிப் பெட்டி. நல்லா ஓடட்டும். ஸ்ரீபெரும்புதூர்ல ஃபேக்டரி வாசல் வரைக்கும் எந்த ரேக் வரும்? "ரோட்டுல ஸ்கூல் பசங்க போறாங்க, விபத்து நடக்குது"ன்னா, நியாயம். ட்ரெய்லருக்குத் தனி பார்க்கிங் போடுங்க. அதுக்கு ஒரு வீடியோ போடுங்களேன்.

துறைமுக கேட்ல என்ன நடக்குதுன்னு தெரியுமா? உள்ள விடுறதுக்கான ஃபார்ம் 13, கஸ்டம்ஸ் க்ளியரன்ஸ், சீல் நம்பர், 2016 ஜூலைலேர்ந்து எடைச்சான்றும். பெட்டி நம்பர் நாலு எழுத்து, ஏழு எண். கடைசி எண் முன்னாடி இருக்கிற பத்தையும் வச்சுக் கணக்குப் போட்டு வர்றது. ஆஃபீஸ்ல ஏசியில உக்காந்து ஒருத்தர் 6-ஐ 8-னு அடிச்சிட்டா சிஸ்டம் ஏத்துக்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு யார் ஃபோன் எடுப்பாங்க? வண்டியை ஓரங்கட்ட இடம் இல்ல, பின்னாடி முப்பது வண்டி மாட்டிக்கும். கப்பலுக்குப் பெட்டி கொடுக்கிற கடைசி நேரம், அந்த கட்-ஆஃப் போச்சுன்னா பெட்டி அடுத்த கப்பலுக்கு, டிரைவருக்கு ட்ரிப் படி அதே பழைய படி. தப்பு பண்ணவர் பேரு எந்த வீடியோவுலயும் வராது.

அந்த வரிசையில கக்கூஸ் கிடையாது. தண்ணி வாங்கணும்னா வண்டியை விட்டு இறங்கணும், இறங்குன நேரம் பார்த்து வரிசை நகரும், பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிப்பான். அடுப்பு பத்தவைக்கிறதே கேபினுக்குப் பக்கத்துல, டீசல் டேங்க் ஓரமா. கேட்டுக்குள்ள போனதும் இறங்கி, பெட்டியை வண்டியோட பிடிச்சிருக்கிற நாலு மூலை லாக்கையும் கையால திருப்பி விடணும். ஒண்ணு மாட்டியிருந்தாலும் கிரேன் பெட்டியோட சேத்து வண்டியையே தூக்கும். கேபின்ல ஆள் இருப்பாங்க.

படிக்காத கூட்டம்னு எழுதினீங்களே. அந்த வரிசையில எந்த டிரைவரை வேணும்னாலும் எழுப்பிக் கேளுங்க, முதுகுல இருக்கிற பெட்டியோட பதினோரு எழுத்தையும் பார்க்காம சொல்லுவாரு.

உங்க கார் நம்பர் என்ன சார்?