தண்ணீர் குடிங்க என்கிறீர்கள், சரி

மே 4 அன்று கத்திரி பிறந்தது. அன்றிலிருந்து வாட்ஸப்பில் ஒரே அறிவுரைதான். பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், பருத்தி உடுத்துங்கள். தப்பான அறிவுரை இல்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஷூத் தோலுக்குப் பசை தடவி ஒட்டும் எங்கள் பேஸ்டிங் மேசைதான் கண்முன் வருகிறது.

வேலூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை மட்டும் செய்யும் ஒரு சின்ன அப்பர் யூனிட்டில் கணக்கெழுதுகிறேன். எழுபது பேர், அதில் அறுபது பேர் பெண்கள். தகர ஷீட் கூரை. இந்த ஊருக்கு வெயில் புதிதல்ல. இங்கே இரண்டே காலம்தான், வெயில் காலம், கடும் வெயில் காலம் என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் கணக்கு. அது காற்றோட்டமுள்ள பெட்டிக்குள், நிழலில் வைத்து அளப்பது. எங்கள் ஷீட்டுக்குக் கீழே வந்து யார் அளக்கப்போகிறார்கள்? போன வருடம் நானே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டினேன். மூன்று மணிக்கு 44. ஃபேன் ஓடத்தான் செய்தது, அந்த 44 டிகிரிக் காற்றைத்தான் முகத்தில் அடித்தது. பசை வாடை வேறு.

அந்த வாரம் ஒரு பெண் மேசையிலேயே சரிந்துவிட்டாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். "காலைல சாப்புடலியா?" என்று சூப்பர்வைசர் அவளைத்தான் திட்டினார். அவள் கொண்டுவந்த ஒரு லிட்டர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஏம்மா குடிக்கவில்லை என்றேன். "குடிச்சா போவணுமே சார்" என்றாள்.

அறுபது பெண்களுக்கு இருப்பது ஒரே கழிவறை. அதில் தாழ்ப்பாள் இல்லை, இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். வரிசையில் நின்று போய்வரக் கால்மணி நேரம். முடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்கிற பீஸ் ரேட்டில் கால்மணி நேரம் என்பது இரண்டு பேருடைய காசு. அதனால் காலை டீயோடு சரி, மாலை வரை நாக்கை நனைத்துக்கொள்வதுதான். வருகைப் பதிவேட்டை எழுதுகிறவன் நான். ஏப்ரல், மே மாதங்களில் "காய்ச்சல்" என்று நான் எழுதிய விடுப்புகளில் எத்தனை நீர்க்கடுப்பு என்பது, அப்புறம் என் மனைவி அவர்களிடம் பேசிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சரிந்து விழுந்தவளுக்கும் "லோ பிரஷர்" என்றுதான் எழுதினேன். வெயில் என்று எழுத அந்தப் பதிவேட்டில் பழக்கமே கிடையாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் தாக்கி இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல விஷயம்தான். ஆனால் சாகாமல் வேலை பார்க்கிறவளுக்கு? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கிறது. சூடு அதிகமாக இருந்தால் கூரைக்கும் சுவருக்கும் வெள்ளையடிக்கவும், கூரையை உயர்த்தவும், இரட்டைக் கூரை போடவும் சொல்லலாம் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. நாங்கள் எழுபது பேர். எங்களுக்குத் தாகம் கொஞ்சம் கம்மி போலிருக்கிறது.

முதலாளி கெட்டவர் இல்லை. சொன்னதும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சம்மதித்தார். நம்ப மாட்டீர்கள், மூன்று டிகிரி இறங்கியது. அந்தத் தைரியத்தில், வேலையைக் காலை ஆறரைக்கு ஆரம்பித்து இரண்டரைக்கு முடித்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பெரிய சீர்திருத்தவாதி என்ற நினைப்பு. பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஆறரைக்கு இங்கே இருக்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழுந்து சமைக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வருவதே ஐந்து மணிக்கு. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கள் வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பது நான் இல்லை, அதனால்தான்.

அடுப்பு என்றதும் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு, மேல்மாடி. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கக்க ஆரம்பிக்கும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிக்கலாமென்றால் டேங்க் தண்ணீரே கொதிக்கிறது. அம்மா பானையில் வெட்டிவேர் போட்டு வைக்கிறார், மதியம் கூழும் மோரும். மனைவி சமைக்கும்போது சுடர் அணைந்துவிடும் என்று ஃபேனைக்கூடப் போட முடியாது. எங்கள் பேஸ்டிங் மேசைக்கும் அந்த அடுப்படிக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அங்கே கூலி உண்டு, அவ்வளவுதான்.

மச்சான் துபாயில் கட்டட வேலை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே விதி. கேரளத்திலும் கோடையில் நடுப்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை செய்பவர்களுக்கு ஓய்வு விடச் சொல்லி உத்தரவு போடுகிறார்கள். இரண்டுமே வெட்டவெளிக்குத்தான். ஷீட்டுக்குக் கீழே இருப்பவர்கள் நிழலில் இருப்பதாகக் கணக்கு.

இந்த வருடம் நான் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. இன்னொரு கழிவறை, இருப்பதற்கு ஒரு தாழ்ப்பாள், போய்வரும் நேரத்துக்குக் காசு பிடிக்காமல் இருப்பது, இவ்வளவுதான் கேட்டேன். தாழ்ப்பாளை நானே வாங்கிவந்து மாட்டிவிட்டேன், அறுபது ரூபாய். மற்றதைப் பற்றி முதலாளி, "ஷிப்மெண்ட் போவட்டும், பாக்கலாம்" என்றிருக்கிறார்.

ஷிப்மெண்ட் ஜூன் 10. கத்திரி மே 28ஆம் தேதியே முடிந்துவிடுகிறது.