எங்க ஆயா வீட்டுல சும்மா இருக்கல

அம்மாவைப் பெற்ற ஆயாவின் படத்திறப்பில் பெரிய மாமா பேசியதை வந்த எல்லோரும் கேட்டீர்கள். வராதவர்களுக்கும் இந்நேரம் வீடியோ வந்திருக்கும். "எங்கம்மா வேலை வெட்டின்னு வாசப்படி தாண்டினதில்ல. அப்பா மில்லு சம்பளத்துலதான் எங்கள ஆளாக்கினாரு." அங்கேயே எழுந்திருப்பேன். அம்மாதான் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

தாத்தா வேலை பார்த்த பின்னி மில் மூடியது 1996-இல். மாமா அப்போது பத்தாவது. ஐடிஐ-யில் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். அப்புறம் எங்கே இருந்து வந்தது மில் சம்பளம்? அவருக்கு ஃபீஸ் கட்டியது புளியந்தோப்பில் எங்கள் வீட்டு வாசலில் எரிந்த இட்லி அடுப்பு. அது பத்தாதபோது ஆயாவின் தோடு சேட்டுக் கடைக்குப் போனது. அதை மீட்கவே இல்லை.

வாசப்படி தாண்டாதவராம். விடிவதற்கு முன்பே ஆடு வெட்டும் ஆடுதொட்டிக்குப் போய் நிற்கும் ஆயா. ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவி, திரும்பவும் சுரண்டும். ஒரு மயிர் இருந்தாலும் சட்டியில் போடாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பாயா வாசனைதான் முதலில் எழுந்திருக்கும். லோடு அடிக்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள், தொட்டியில் வேலை முடித்து வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிடுவார்கள். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. கடன் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைக்கும். எந்தக் கோடு யாருடையது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரைத் தொட விடாது. மழை பெய்து கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்று ஒரு வண்டி வராத நாளிலும் அடுப்பை மூட்டும். நடந்தாவது யாராவது வருவார்கள் என்று சொல்லும்.

இது வேலை இல்லையா? பிறகு எது வேலை?

படத்திறப்பில் இன்னொருவர் 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி, திரு.வி.க.வைப் பற்றி, தாத்தா கலந்துகொண்ட வேலைநிறுத்தங்களைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. அந்தச் சங்கத்தின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் திறந்தது ஆயாவின் படம். அவருக்கு ஒரு வரி கிடையாதா?

"தாத்தாவை அசிங்கப்படுத்துகிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. வேலை போன மனுஷன் நொந்து உட்கார்ந்தார், அது அவர் தப்பு இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்தபோது வீடு விழாமல் நின்றதே, அது எப்படி? அதைத்தான் கேட்கிறேன்.

"சாவு வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா?" மைக் வைத்துப் பேசியது நான் இல்லை.

"பிள்ளைகளுக்குச் செய்வது தாயின் கடமைதானே, இதைப் போய்ச் சொல்லிக் காட்டுவதா?" இதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. சோறாக்கிப் பிள்ளை வளர்த்ததையே சம்பாத்தியமாக எடுத்துக்கொண்டது கோர்ட்டு. ஆயா அதற்கு மேல் கடையும் நடத்தியது. சொந்தப் பிள்ளைக்கு அது கண்ணில் படவில்லை.

கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, ஏன் வந்தாய் என்று ஆயா ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். ஒரு படி அரிசி சேர்த்து ஊறப்போட்டதாம், அவ்வளவுதான். நான் படித்தது அந்த மாவில். அதே மாவில் படித்தவர்தான் மாமாவும். அம்மா சம்பாதித்துப் படிக்க வைத்தார் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் அவருக்கு? நாலு பேர் முன்னால் மகன் வாயால் அதைக் கேட்க ஆயாவுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

மாமா இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். மாமா, வருஷ திதிக்கு அடிக்கும் பேனரில் ஆயா பெயருக்கு முன்னால் "இட்லிக் கடை" என்று போட வேண்டும். தெருவில் எல்லோரும் அப்படித்தானே கூப்பிட்டார்கள். பேனர் செலவு முழுக்க நான் கொடுக்கிறேன்.