இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். ஸ்கேன் எடுத்தோம், அறுவை சிகிச்சை முடிந்தது, கோப்பு பீரோவுக்குள் போய்விட்டது. பதினோரு மாதம் கழித்துக் காப்பீட்டுக்காக அதை எடுத்துப் புரட்டியபோதுதான் ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் கடைசி வரி கண்ணில் பட்டது. இடது சிறுநீரகத்தில் 3.1 செ.மீ. கட்டி, சி.டி. ஸ்கேன் தேவை. மருத்துவமனையில் ஒருவர்கூட இதை எங்களிடம் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை.

சி.டி.யில் அது 3.5 ஆகியிருந்தது. "எனக்குத்தான் உடம்புக்கு ஒன்றுமே இல்லையேப்பா" என்றார் அப்பா. உண்மைதான். சிறுநீரகம் முதுகுப் பக்கம் ஆழத்தில் இருக்கிறது. அதில் கட்டி வளர்வது வெளியே தெரிவதில்லை. விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று பழைய பாடநூல்கள் சொன்ன மூன்று அறிகுறிகளோடும் வருபவர்கள் இன்று பத்தில் ஒருவர்கூட இல்லை. சிறுநீரகப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அகப்படுகின்றன.

அப்படி அகப்படுவது பெரும் கொடுப்பினை. நோய் சிறுநீரகத்தைத் தாண்டாதபோது கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் இருபது பேர்கூடத் தேறுவதில்லை. இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மெதுவாக வளரும் கட்டிகளே ஸ்கேனில் அதிகம் சிக்குகின்றன. நோயை முன்கூட்டியே கண்டால், ஆயுள் ஒரு நாள்கூடக் கூடாவிட்டாலும், கண்ட நாளிலிருந்து எண்ணும் ஆண்டுகள் கூடத்தான் செய்யும். நான்கு செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. அதனால் எல்லோரும் காசைக் கொட்டி முழு உடல் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்த ஸ்கேனைக் கடைசி வரிவரை படிக்காமல் விடுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்படி ஒரு வரியை எழுதும் இடத்திலிருந்தே நோயாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். அதற்கு எத்தனை நிமிடம் ஆகும்?

முதலில் பார்த்த மருத்துவர் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடலாம் என்றார். பதினைந்து வருடச் சர்க்கரை நோயாளிக்கு ஒரு சிறுநீரகம் போவது சின்ன விஷயமா? இன்னொருவரிடம் போனோம். அவர் கட்டியை மட்டும் அகற்றி, மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி முழுதாக வந்துவிட்டது என்றும் இருந்தது.

மூன்று வருடம் ஆகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் 1.2. அடுத்த ஸ்கேன் தை மாதம். அறிக்கையை வாங்க நானே போகிறேன்.