சாவியைக் கையில் கொடுக்கிற வீடு

லிஸ்பன் போகிறோம், எங்கே தங்கலாம் என்று கேட்டு இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் வந்துவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். ஆனால் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: சொந்தக்காரர் குடியிருக்கிற வீட்டில் ஓர் அறை எடுங்கள். வாசலில் நம்பர் பூட்டுப்பெட்டிக்குள் சாவி வைத்துவிட்டு ஆளே இல்லாமல் கிடக்கிற வீட்டை எடுக்காதீர்கள்.

போன அக்டோபரில் நானும் அம்மாவும் ஜெர்மனியில் இருக்கிற தம்பியைப் பார்க்கப் போயிருந்தோம். அங்கே இருந்து லிஸ்பனுக்கு ஒரு வாரம். அது அம்மாவின் ஆசை. பதுவை அந்தோணியார் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அவர் பிறந்தது லிஸ்பனில். உவரி கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிற தூத்துக்குடிக்காரிக்கு, 68 வயதில், அவர் பிறந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அதற்கு மேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை.

முதல் இரண்டு இரவு அல்ஃபாமாவில் ஒரு முழு வீட்டை ஆப் வழியாக எடுத்திருந்தேன். படத்தில் அவ்வளவு அழகு. 1755 நவம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கத்தில் லிஸ்பனின் பெரும்பகுதி இடிந்து, கடல் ஏறி, பிறகு எரிந்தும் போனது. குன்றின் மேல் இருக்கிற இந்த அல்ஃபாமாச் சந்துகள் மட்டும் பெரும்பாலும் தப்பின. அதனால் தெருக்கள் இன்னும் அரபுக் காலத்து வளைவிலேயே இருக்கின்றன, கார் நுழையாது. டாக்சி கீழே இறக்கிவிட்டது. இரவு பதினொன்றரைக்கு இரண்டு டிராலிப் பெட்டிகளைக் கருங்கல் படிகளில் தடதடவென்று இழுத்துக்கொண்டு ஏறினோம். வாசல் நிலையோரம் வரிசையாக நான்கு பூட்டுப்பெட்டிகள். போனில் வந்த நம்பரைத் திருகினால் எங்கள் சாவி வந்தது. உள்ளே வெள்ளைச் சுவர், வெள்ளைப் படுக்கை, சட்டம் போட்ட ஒரு டிராம் படம். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய அறை.

மறுநாள் காலை மாடிப்படியில் ஒரு மூதாட்டியைப் பார்த்தோம். காய்கறிப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். அம்மா கைகூப்பினாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, எங்கள் பெட்டிகளை ஒரு முறை பார்த்துவிட்டு, முதல் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற நான்கு வீட்டிலும் எங்களைப் போல இரண்டு நாள் ஆட்கள். முந்தின இரவு நாங்கள் எழுப்பிய சத்தம் அவருக்கு வாரத்தில் எத்தனை முறை கேட்குமோ. அம்மா கீழே இறங்கும்போது சொன்னாள்: "ஏட்டி, ராத்திரி நெஞ்சு வலிச்சா இந்தப் பொம்பள யாரு கதவைத் தட்டுவா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. இந்தப் பதிவே அதனால்தான்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டும் இல்லை. லிஸ்பனின் பழைய பேட்டைகளில் பல பத்தாண்டுகளாகக் குறைந்த வாடகையில் குடியிருந்தவர்கள் ஏராளம். பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 2012-ல் வந்த வாடகைச் சட்டம் அவர்களுக்கு இருந்த பாதுகாப்பைத் தளர்த்தியது. 2014-ல் சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை விடுவதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. மாத வாடகையில் வருவதை ஒரு வாரத்தில் எடுக்க முடியும் என்றால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? 2018-ல் அல்ஃபாமா, மொரரியா, பைரு ஆல்த்து போன்ற பேட்டைகளில் புதிய அனுமதி தருவதையே மாநகராட்சி நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி 'வாழ்வதற்கு வீடு' என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு அரசு நகரங்களில் புதிய அனுமதிகளை முடக்கியது, 2024-ல் அடுத்து வந்த அரசு அதை விலக்கிக்கொண்டது. அந்த ஊர் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிற விஷயம் இது. நாம் பெட்டியோடு போய் இறங்கும்போதே அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம்.

மூன்றாம் நாள் மொரரியாவுக்கு மாறினோம். 1147-ல் ஊர் கிறிஸ்தவ அரசன் கைக்குப் போனபின் முஸ்லிம்களை ஒதுக்கி வைத்த பேட்டை, பெயரும் அதனால் வந்ததுதான். இன்றைக்கும் வந்தேறிகளின் பேட்டையாகவே இருக்கிறது. பென்ஃபுர்மோசு தெருவில் வங்காளதேசத்துக்காரர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அரிசியும் கொத்தமல்லியும் கிடைக்கும். அங்கே மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், 74 வயது அம்மா ஒருவர் தன் வீட்டின் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். இரவுக்கு 55 யூரோ. குளியலறை பொது.

கதவைத் திறந்தவர் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் பதற்றம்தான். அவர் முதலில் ஒரு சாவியைத் தூக்கிக் காட்டி, "ஷாவ்" என்றார். அறைக்குள் போய்த் திரையை விலக்கி, "ஜனேலா" என்றார். மேசையைத் தட்டி "மேசா". அலமாரியைத் திறந்து "அர்மாரியு". உள்ளே அடுக்கியிருந்த துவாலைகளைக் காட்டி "துவால்யா". அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "இவ நம்ம பாஷதான பேசுதா!"

போர்ச்சுகீசியத்தில் இருந்து தமிழுக்கு வந்த திசைச்சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் பட்டியல் போட்டுப் படித்ததுதான். ஆனால் பட்டியலில் படிப்பது வேறு, அந்தச் சொற்கள் கிளம்பி வந்த ஊரில், ஒரு வயதான பெண்மணி ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் கேட்பது வேறு. வராந்தாவைக் காட்டியபோது அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். (அது அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் கவலையில்லை.) அன்று ராத்திரி கோப்பையும் வாளியும் கணக்கில் சேர்ந்தன. பூட்டுப்பெட்டி வீட்டிலும் ஜன்னலும் மேசையும் இருந்தன. சொல்லித்தர ஆள் இல்லை.

வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டைக் கேட்டார். எங்கள் குடும்பப் பெயரைப் பார்த்து நிமிர்ந்தார். "ஃபெர்னாண்டோ?" முத்துக்குளித்துறைப் பரதவர் குடும்பங்களில் பதினாறாம் நூற்றாண்டில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் இவை என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் படித்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தோணியாருக்குப் பெற்றோர் வைத்த பெயரே ஃபெர்னாண்டோதான், துறவியாகிப் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோணி ஆனார். அம்மாவுக்கு இது தெரியாது. அந்த நிமிஷத்தில் இருந்து அவள் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் 1554-ல் இந்த லிஸ்பனில்தான் அச்சானது. தமிழ் ஜெபங்களை ரோமன் எழுத்தில் போட்ட சிறிய நூல், பெயர் 'கார்ட்டில்யா'. அதைத் தயாரித்ததில் விசென்டே, ஜார்ஜ், தோமா என்று ஞானப்பெயர் வாங்கிய மூன்று தமிழர்களுக்குப் பங்கு உண்டு. அதன் பிரதியை வைத்திருக்கிற தொல்லியல் அருங்காட்சியகம் லிஸ்பனின் பெலேம் பகுதியில், ஜெரோனிமோஸ் மடத்தின் ஒரு பகுதியில் இருக்கிறது. புதுப்பிப்பு வேலைக்காகச் சாத்தியிருந்ததால் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். டிராமில் வரும்போது நான் அந்த மூன்று பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எங்கே தங்கினார்கள், யார் அவர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள், சாவிக்கும் ஜன்னலுக்கும் யார் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான்காம் நாள் அக்கா சந்தையில் இருந்து மீன் வாங்கி வந்து தொட்டியில் போட்டார். "சர்தின்யா" என்றார். அம்மா எட்டிப் பார்த்து, "சாளை" என்றாள். அடுப்படி விருந்தினருக்குக் கிடையாது என்று வீட்டு விதிகளில் முதல் வரியே எழுதியிருந்தது. அன்று அந்த விதி போயிற்று. அம்மா கொண்டுபோயிருந்த மிளகாய்த்தூளையும் புளியையும் எடுத்தாள். அந்த மிளகாயே இவர்கள் கப்பல் ஏறி நம் கரைக்கு வந்ததுதான். பாதி மீன் கல் உப்புப் போட்டுச் சுட்டது, பாதி குழம்பு. கண்ணில் தண்ணீர் வர வர அக்கா குழம்பில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டார். கடைசியில் எங்கள் மக்ரூன் டப்பாவைத் திறந்தோம். ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "காஜு" என்று முந்திரியைக் கண்டுபிடித்துவிட்டார்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மரத்தரை ஒவ்வொரு அடிக்கும் முனகும். பக்கத்து அறைக்காரர் இருமினால் கேட்கும். வெந்நீர் வேண்டுமென்றால் ஒருவர் குளித்து முடித்துக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் அடுத்தவர் போகவேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் படி எத்தனை என்று கேட்காமல் புக் பண்ணாதீர்கள், லிஸ்பனில் மூன்றாவது மாடி என்றால் நம் கணக்கில் நான்கு மாடி ஏறுகிற களைப்பு. அறையைச் சூடாக்குகிற வசதி பல வீடுகளில் பேருக்குத்தான், டிசம்பர் ஜனவரியில் குளிரும். ஆறேழு பேராகப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் முழு வீடு எடுக்காமல் முடியாது, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் இருவராகப் போகிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வாசல் பலகையை நம்பிப் பயனில்லை. போர்ச்சுகலில் முன்பு இப்படிக் குடும்பம் நடத்துகிற விடுதிகளுக்கு பென்சாவ், ரெசிடென்சியால் என்று தனிப் பெயர்கள் இருந்தன. 2008-ல் வந்த சட்டம் அந்த வகைகளையே எடுத்துவிட்டது. இப்போது ஆள் இல்லாத பூட்டுப்பெட்டி வீட்டுக்கும், எங்கள் அக்கா வீட்டுக்கும் வாசலில் ஒரே மாதிரிப் பலகை, ஒரே ஏ.எல். எழுத்து (சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிற வீடு என்பதற்கான போர்ச்சுகீசியச் சுருக்கம்). எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. ஆனால் உள்ளே வித்தியாசம் இருக்கிறது. 2018 திருத்தம் 'அறைகள்' என்று ஒரு வகையைச் சேர்த்தது. விடுகிறவர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும், மூன்று அறைக்கு மேல் விடக்கூடாது. புக் பண்ணுவதற்கு முன் ஒரு செய்தி அனுப்புங்கள்: நீங்கள் அதே வீட்டில் இருக்கிறீர்களா, சாவியை யார் கொடுப்பார்கள்? குடியிருப்பவர் உடனே, சந்தோஷமாகப் பதில் சொல்வார். மழுப்பலாக வந்தால் வேறு வீடு பாருங்கள்.

சுற்றுலா வரியைப் பற்றிப் புலம்பி ஒரு நண்பர் எழுதியிருந்தார். 2024 செப்டம்பரில் இருந்து ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ, அதிகபட்சம் ஏழு இரவு, சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. எங்கள் இருவருக்கும் வாரம் முழுக்க 56 யூரோ ஆனது. எனக்கும் அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் நான் மனசாரக் கொடுத்தேன். நாம் நடந்து தேய்க்கிற கல்தரையை யாரோ குந்தி உட்கார்ந்து கையால் பதித்துக்கொண்டிருக்கிறார்கள், நானே பார்த்தேன்.

மொரரியாவில் ஃபரின்யாஸ் சந்து என்று ஒன்று இருக்கிறது. கமில்லா வாட்சன் என்கிற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் அந்தப் பேட்டையின் முதியவர்களைப் படமெடுத்து, சுவரிலேயே பதித்து வைத்திருக்கிறார். காகிதமோ சட்டமோ இல்லாமல் சுவர்மேல் நேராக முகங்கள். வெயிலிலும் மழையிலும் சில மங்கிவிட்டன. கடைசி நாள் அக்காவே எங்களைக் கூட்டிப்போனார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஏதோ சொன்னார். சிலருக்குக் கையை வானத்தைப் பார்த்துக் காட்டினார். சிலருக்குக் கையைத் தூரமாக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டினார். செத்தவர்கள் யார், வீட்டை விட்டுப் போனவர்கள் யார் என்று மொழி தெரியாமலே எங்களுக்குப் புரிந்தது. அவருடைய கட்டடத்தில் மற்ற மாடிகள் எல்லாம் விற்றுப்போய்விட்டன என்றும், வாங்குவதற்கு அவருக்கும் போன் வந்துகொண்டே இருக்கிறது என்றும் போனில் தட்டிக் காட்டினார். என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தட்டினார்.

வீட்டு விலாசத்தை இங்கே போட மாட்டேன். இருப்பது மூன்று அறை, அவருக்கும் வயதாகிவிட்டது. உண்மையாகவே போகிறவர்கள் தனியாகக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா இன்னும் கேட்கிறாள், "அக்கா அந்த வீட்லதான இருக்கா, பாரு." நான் போனில் அந்த வீட்டின் புக்கிங் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். ஜன்னலோர அறை அடுத்த வெள்ளிக்கிழமை வரை நிரம்பியிருக்கிறது.