ஓம் குறைந்தால் பாஸ் கூடுமா?

“எந்த ஆம்ப்ளிஃபயரா இருந்தாலும் சப்வூஃபரை 1 ஓமுக்கு இறக்கி இணைங்க, பாஸ் ரெண்டு மடங்காகும்” என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இதை நம்பி வயரை மாற்றிவிடாதீர்கள்.

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. அது குறைந்தால் ஆம்ப் அதிக கரண்ட் தள்ளும் என்பது சரி. ஆனால் அதைத் தாங்கும்படி ஆம்ப் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சூடேறி புரொடெக்‌ஷனில் போய் நிற்கும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ள தானே அணைந்துவிடும். மோசமானால் உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.

பிரிட்ஜ் செய்யும்போதுதான், அதாவது ஆம்பின் இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே லோடுக்குக் கொடுக்கும்போதுதான், பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு 4 ஓம் சப்வூஃபர்களை பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்தால் 2 ஓம். அதை பிரிட்ஜ் செய்த ஆம்பில் கொடுத்தால் ஒவ்வொரு சேனலும் சுமப்பது 1 ஓம் மட்டுமே. ‘ஸ்டீரியோவில் 2 ஓம்’ என்று மேனுவலில் போட்டிருந்தால், பிரிட்ஜில் அதன் எல்லை பெரும்பாலும் 4 ஓம். மேனுவலில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள், போதும்.

அப்புறம், பவர் இரண்டு மடங்கானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது லேசான வித்தியாசம்.

இணைத்த பிறகு, ஆம்பில் மாட்டும் முன் வயர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 4 ஓம் லோடு 3.5 பக்கம் காட்டினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. அதே 4 ஓம் லோடு 2-க்குக் கீழே காட்டினால் இணைப்பு தப்பு.