ஓம் ஆல்பத்துல கனம் குறையல

ஓம்ங்கிற அமெரிக்க மெட்டல் பேண்டோட 2012 ஆல்பம் 'அத்வைதிக் சாங்ஸ்'ல கனம் போச்சு, எல்லா மதத்தையும் மேலோட்டமா தொட்டுட்டு போறாங்கன்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, எனக்கு இது சரின்னு படலைங்க. முதல் பாட்டு 'அடிஸ்'ல ஒரு பொண்ணு குரல்ல மகா மிருத்யுஞ்சய மந்திரம் வரும், கூடவே செல்லோ, டிரம்ஸ், கரகரன்னு உறும வைக்கிற டிஸ்டார்ஷனே இல்ல, ஆனா அந்த பேஸ் கிட்டார் ஒரே இடத்த திரும்பத் திரும்ப சுத்தி வர்றப்ப கோயில் பிரகாரத்துல நடக்குற மாதிரி மனசு அடங்கிடுது, இதவிட கனம் வேற என்னங்க வேணும்? சத்தம் தான் வேணும்னா ரெண்டாவது பாட்டே இருக்கே.

ஓம்ல பேஸ் வாசிச்சு பாடுற ஆல் சிஸ்னெரோஸ், அதுக்கு முன்னாடி 'ஸ்லீப்' பேண்டுல ஒரே பாட்ட ஒரு மணிநேரம் இழுத்தவர், ஜபம் பண்ற மாதிரி வாசிக்கிறது அவருக்கு புதுசு இல்ல. அட்டைல யோவான் ஸ்நானகன் ஐகான் (கிறிஸ்தவ புனிதப் படம்), பாட்டு பேர்ல கெத்செமனே, சினாய், கடைசில அரபில 'ஹக் அல்-யகீன்' (உறுதியான மெய்யறிவு), இதெல்லாம் அலங்காரத்துக்கு வச்சதா எனக்குத் தோணவே இல்ல, தேடுற மனுசன் போற வழி அது. விளக்க அணைச்சுட்டு ஹெட்ஃபோன்ல அஞ்சு பாட்டையும் நிறுத்தாம ஒருதடவ கேளுங்க, ப்ளீஸ்.