பெயர் வாசித்தவன் சொல்ல விரும்புவது

நான் பணியாற்றி ஓய்வு பெற்ற பல்கலைக்கழகத்தில், அடுத்த ஆண்டு முதல் பட்டமளிப்பு விழாவை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்றொரு யோசனை பேசப்படுவதாகக் கேள்விப்பட்டேன். துறைவாரியாக மாணவர்களை இருந்த இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்வார்களாம். வேந்தர் ஒரே வாக்கியத்தில் அனைவருக்கும் பட்டம் வழங்கிவிட்டதாக அறிவிப்பாராம். பெயர்கள் திரையில் ஓடுமாம். சான்றிதழ் பிறகு அஞ்சலில் வருமாம். வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை ஆகிய மூன்றிலும் ஒரு நிமிடம்கூடக் குறையாதாம். 11 ஆண்டுகள் அந்த மேடையின் ஓரத்தில் ஒலிவாங்கிக்கு முன் நின்று பெயர் வாசித்தவன் என்ற முறையில், வெட்ட வேண்டியவற்றை விட்டுவிட்டு, வெட்டக் கூடாத ஒரே பகுதியில் கைவைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் வாசிப்பவரின் வேலை என்னவென்று அரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மேடைப் படிக்கட்டின் அடியில் மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும். அதில் அச்சிட்ட பெயரும், அதற்குக் கீழே உச்சரிப்பைப் பென்சிலால் எழுதிக்கொள்ள ஒரு கோடும் இருக்கும். என்னிடம் வந்து சேர்வதற்குள் பாதி அட்டைகள் வியர்வையில் நமுத்து மூலை மடங்கிப்போயிருக்கும். அட்டையை நீட்டும்போதே சிலர் தங்கள் பெயரைத் தாங்களே ஒருமுறை மெல்லச் சொல்லிக்காட்டுவார்கள். ஒரு பெண் தன் பெயரில் வரும் நெடிலை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். "குறிலாகப் படித்துவிடாதீர்கள் ஐயா, பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள்" என்றாள். நான் நெடிலாகவே படித்தேன். மேடையின் நடுவுக்குப் போனவள், துணைவேந்தரைப் பார்ப்பதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் கையை நீட்டினாள். அவளுடைய புகைப்படத்தில் முகம் பாதிதான் விழுந்தது என்று புகைப்படக்காரர் பிறகு என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

இந்த விழாக்களே வெறும் வேடிக்கை என்று சொல்வோரின் வாதத்தில் பாதியை நானும் ஒப்புக்கொள்கிறேன். அங்கி, தொப்பி, செங்கோல் ஏந்தியவருக்குப் பின்னால் நடக்கும் பேராசிரியர் ஊர்வலம் ஆகியவற்றில் பெரும்பாலானவை தமக்குரிய வேலையை எப்போதோ இழந்துவிட்டவை. இடைக்கால ஐரோப்பாவில் மாணவர்கள் திருச்சபையைச் சார்ந்தவர்களாகக் கருதப்பட்டதால் குருமார் உடையே அவர்களுக்கும் உடையாயிற்று. 1222-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபை மன்றத்தில், காண்டர்பரி பேராயர் ஸ்டீபன் லாங்டன், குருமார்கள் முன்புறம் மூடிய நீள அங்கியையே அணிய வேண்டும் என்று விதித்தார். சூடேற்ற வழியில்லாத கற்கட்டடங்களில் அந்தக் கனத்த துணிக்கு ஒரு பயனும் இருந்தது. இன்று முதுகில் தொங்கவிடும் ஹூட், அன்று தலையை மூடிக் குளிரைத் தடுத்த முக்காடு. சதுரத் தொப்பி குருமாரின் பிரெட்டாத் தொப்பியின் வழிவந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் மார்ட்டர்போர்டு என்ற பெயரோ, கொத்தனார் கலவை ஏந்தும் சதுரப் பலகையை வைத்து வந்தது.

பிறகு வந்தவர்கள் அதற்குக் கணக்கும் வகுத்தார்கள். 1895-இல் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடி, யார் எந்த அங்கியை அணிவது என்பதற்கு ஒரு விதித்தொகுப்பை உருவாக்கினார்கள். அந்த மரபின்படி அங்கே இன்று இளநிலைப் பட்டதாரியின் ஹூட் 3 அடி, முதுநிலைக்கு மூன்றரை அடி, முனைவருக்கு 4 அடி. மருத்துவத்துக்குப் பச்சை, சட்டத்துக்கு ஊதா என்று நிறங்களும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு முன்னால் சறுக்கி விழாமல் 4 அடித் துணியைச் சமாளிப்பதும் ஒரு தேர்வுதான் என்று எங்கள் பதிவாளர் வேடிக்கையாகச் சொல்வார்.

தொன்மையானவை என்று நாம் நினைக்கும் சில வழக்கங்கள் அப்படியொன்றும் தொன்மையானவையும் அல்ல. அமெரிக்க விழாக்களில் தவறாமல் ஒலிக்கும், ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் அணிவகுப்பு இசை 1901-இல் எழுதப்பட்டது. 1905-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியபோது மரியாதைக்காக அங்கே வாசிக்கப்பட்டு, அப்படியே ஒட்டிக்கொண்டது. தொப்பியை வானில் வீசும் வழக்கம் 1912-இல் அனாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆண்டு பட்டம் பெற்றவர்களுக்கு உடனடியாக அதிகாரிப் பதவி கிடைத்ததால் மாணவத் தொப்பி இனித் தேவையில்லை என்று தூக்கி எறிந்தார்கள். இன்று வாடகைத் தொப்பியை வீசும் பிள்ளைகள், விழா முடிந்தபின் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே அங்கி வேண்டாம் என்றால் வேண்டாம், இசையை மாற்றுவதென்றால் மாற்றிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து எறிந்தவர்களின் கதையும் நமக்கு முன்னால் இருக்கிறது. 1967 நவம்பர் 9 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில், அங்கியணிந்த பேராசிரியர்கள் ஊர்வலமாக அரங்குக்குள் இறங்கி வந்தபோது, இரண்டு மாணவர்கள் அவர்களுக்கு முன்னால் ஒரு பதாகையை விரித்துப் பிடித்து நடந்தார்கள். அங்கிகளுக்கு அடியில் ஆயிரம் ஆண்டுப் புழுக்க நாற்றம் என்பது அதன் பொருள். தன்னை ஆயிரமாண்டுப் பேரரசு என்று அழைத்துக்கொண்ட நாஜி ஆட்சியின் மிச்சங்களைக் குறித்த அந்த வசவில் முழு நியாயம் இருந்தது. அதன் பிறகு அந்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் அங்கி பெட்டிக்குள் போனது. அதனோடு விழாவும் போனது. பல ஆண்டு படித்தவர், அலுவலகத்தில் கையொப்பமிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியேறினார். பின்னர் மெல்ல மெல்ல விழாக்கள் திரும்பி வந்தன. பான் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் பட்டதாரிகள் அங்கியும் தொப்பியும் அணிந்து கூடுகிறார்கள். நாற்றம் என்று தூக்கிப்போட்ட துணியை, அந்தப் பதாகையைப் பிடித்து நடந்தவர்களின் பிள்ளைகள் வயதிலிருந்தோர் மீண்டும் எடுத்து உடுத்திக்கொண்டது துணியின் மீதுள்ள ஆசையால் என்று நான் நம்பவில்லை. தம்மை யாரோ பெயர் சொல்லி வழியனுப்ப வேண்டும் என்ற விருப்பம்தான் அந்த வடிவில் வந்திருக்கிறது.

இந்த மரபுகளின் அடியில் இருப்பது, ஒவ்வொருவராக என்ற ஒரு சொல். கேம்பிரிட்ஜில் நான்கு மாணவர்கள் தங்கள் கல்லூரிப் பிரதிநிதியின் வலக்கை விரல்களை ஆளுக்கு ஒன்றாகப் பற்றிக்கொண்டு முன்னே வருவார்கள். அதன்பின் ஒவ்வொருவராகத் துணைவேந்தர் முன் மண்டியிட்டுக் கைகுவிக்க, அவர் அந்தக் கைகளைத் தம் கைகளுக்குள் பொதிந்து லத்தீனில் பட்டத்தை அறிவிப்பார். எடின்பரோவில் துணைவேந்தர் ஒரு பழைய தொப்பியை ஒவ்வொரு தலையிலும் தொட்டு எடுக்கிறார். அது சமயச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் காற்சட்டைத் துணியில் தைத்தது என்பது அங்கே வழங்கும் கதை. ஃபின்லாந்தில் முனைவர்களுக்கு உயர்ந்த கறுப்புத் தொப்பியும் ஒரு வாளும் உண்டு. இடைக்கால இத்தாலியின் போலோன்யாவில் தேர்வில் வென்றவர் கையில் நூலைக் கொடுத்து, விரலில் மோதிரம் இட்டு, தலையில் தொப்பி வைத்தார்கள். மண்டியிடுவது எனக்குச் சற்றும் பிடிக்காத காரியம். ஆனாலும் அங்கே 500 பேரைச் சேர்த்து ஒரே வார்த்தையில் அனுப்பிவைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் மொழியில் இதற்கு வழங்கும் சொல்லே போதிய சான்று. பட்டம் என்பது நெற்றியில் அணியும் பொற்றகட்டுக்குப் பழைய பெயர். பட்டம் கட்டுவதென்றால், ஒருவரை அழைத்து, பலர் முன்னிலையில், அவருடைய நெற்றியில் கட்டுவது. கூட்டத்தைப் பார்த்து "உங்கள் எல்லாருக்கும் கட்டியாயிற்று" என்று கையசைத்தால், எந்த நெற்றியிலும் எதுவும் இருக்காது.

தேர்ச்சியும் அறிவும் போதாதா, சடங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி பெண்களுக்காக 1869-இல் தொடங்கப்பட்டது. பெண்கள் அங்கே படித்தார்கள், ஆண்கள் எழுதிய அதே தேர்வுகளை எழுதினார்கள், பலர் ஆண்களை விட மேலான இடங்களையும் பெற்றார்கள். பட்டம் மட்டும் கிடையாது. 1897-இல் அவர்களுக்குப் பட்டம் தருவதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, அதை எதிர்த்த மாணவர்கள் மிதிவண்டியில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள், தீர்மானமும் தோற்றது. இந்நிலையில் 1904-இல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரி பெண்களை ஏற்கத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் ஆகிய மூன்றும் ஒன்றின் தகுதியை மற்றொன்று ஏற்கும் பழைய ஏற்பாடு ஒன்று இருந்ததால், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேர்ச்சி பெற்ற பெண்கள் டப்ளினுக்குப் போய்ப் பட்டம் பெற வழி பிறந்தது. 1904 முதல் 1907 வரை 700-க்கும் மேற்பட்ட பெண்கள் நீராவிக் கப்பலேறி, கடலைக் கடந்து, அங்கி அணிந்து, பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நீராவிக் கப்பல் சீமாட்டிகள் என்றே அவர்களுக்குப் பெயர் நிலைத்தது.

அந்தப் பயணத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களில் பலர் முன்பே ஆசிரியைகளாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். கற்றது அவர்களிடமே இருந்தது, அதை யாரும் பறிக்கவில்லை. படித்த இடமே தங்களைப் பட்டதாரிகள் என்று அழைக்க மறுத்தபோது, அழைக்கச் சம்மதித்த இன்னோர் இடத்துக்குக் கடல் கடந்து போனார்கள். ஆக்ஸ்ஃபோர்டு 1920-இல் பெண்களுக்குப் பட்டம் அளித்தது. கேம்பிரிட்ஜுக்கு 1948 வரை ஆயிற்று. விழாவில் ஒருவர் பெயர் வாசிக்கப்படுவது சின்ன விஷயம் என்று எண்ணுபவர், அந்தச் சின்ன விஷயத்தை மறுப்பதற்கு எவ்வளவு பேர் எவ்வளவு காலம் பாடுபட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன், ஏனெனில் யோசனையை முன்வைப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஒரு பெயரை நிதானமாக வாசித்து, அவர் மேடையைக் கடக்க விடுவதற்கு 6 நொடி போதும். 500 பேருக்கு 50 நிமிடம். நான் கண்ட விழாக்களில் சிறப்பு விருந்தினர் உரை ஒன்றே பெரும்பாலும் அந்த அளவுக்கு நீண்டிருக்கிறது. அந்த உரையிலிருந்து ஒரு வாக்கியத்தையாவது மறுநாள் நினைவுகூர்ந்தவரை நான் கண்டதில்லை. பேசியவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேடையில் கொடுக்கும் உறையில் பல இடங்களில் சான்றிதழே இருப்பதில்லை, வெற்று உறையைக் கொடுத்துவிட்டு உள்ளே வைக்க வேண்டியதைப் பிறகு தருகிறார்கள். இதைச் சிலர் ஏமாற்று என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. காகிதம் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்போது புதிதாக, பெயர்களைக் கணினிக் குரலை வைத்து வாசித்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள். உச்சரிப்புப் பிழை வராது என்பது அதன் பெருமையாம். பிழை மனிதர்களிடம் வருகிறது என்பது உண்மைதான். 2024-இல் அமெரிக்காவில் ஒரு விழாவில், உச்சரிப்புக் குறியீடுகளோடு அச்சிட்ட அட்டைகளைப் பார்த்துப் படித்தவர், தாமஸ் என்ற எளிய பெயரைக்கூடத் 'தமோமே' என்பது போலப் படித்து, அந்தக் காணொளி உலகமெல்லாம் சுற்றியது. குறியீடு எழுதியிருந்தும் அந்தக் கதி. முந்தைய நாளே அந்த மாணவர்களைச் சந்தித்து ஒருமுறை கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. இயந்திரம் சரியாக வாசிக்கலாம். ஆனால் தவறாக வாசித்தால் அதனிடம் போய்த் திருத்தச் சொல்ல முடியாது.

நானும் தவறு செய்திருக்கிறேன். ஏழாம் ஆண்டோ எட்டாம் ஆண்டோ, ஈரத்தில் இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டுவிட, ஒரு மாணவன் மேடையைக் கடக்கும்போது அவனுக்குப் பின்னால் நின்றவன் பெயரை வாசித்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு முதியவர் கைபேசியோடு என்னிடம் வந்தார். பேரன் மேடையேறுவதைக் கடைசி வரிசையிலிருந்து படம் பிடித்திருந்தாராம். வீட்டில் போட்டுக் காட்டினால் வேறு யாருடைய பெயரோ கேட்குமே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஒருதரம் சரியாகச் சொல்லிவிடுங்கள் ஐயா, இதிலே பதிந்துகொள்கிறேன்" என்றார். ஒலிவாங்கியை அணைத்துவிட்டிருந்தார்கள். நான் மறுபடி அதே இடத்தில் போய் நின்று, பையனின் பெயரையும் துறையையும் பட்டத்தையும் உரக்க வாசித்தேன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரியவர் பதிவை ஒருமுறை காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

விழாக் குழுவுக்கு நான் எழுதியனுப்பியிருப்பது இவ்வளவுதான்: சிறப்புரையைப் 12 நிமிடத்துக்குள் நிறுத்துங்கள், ஆண்டறிக்கையை அச்சிட்டு இருக்கைகளில் வைத்துவிடுங்கள், அரங்கு கொள்ளாவிட்டால் விழாவை இரண்டு நாளாகப் பிரியுங்கள், அங்கி அணிய விரும்பாதவர்களை வற்புறுத்தாதீர்கள், முந்தைய நாள் ஒத்திகையில் ஒவ்வொரு மாணவரும் தம் பெயரைத் தாமே சொல்ல, வாசிப்பவர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அவ்வளவு நேரம் நின்று வாசிக்க இப்போது யாரும் முன்வருவதில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். முழங்கால் கொஞ்சம் வலிக்கும், மற்றபடி எனக்குச் சிரமமில்லை. ஒரு நாற்காலி போட்டால் நானே வந்து வாசித்துத் தருகிறேன் என்று கடிதத்தின் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.